மஞ்சள் விவசாயிகள் குழுவும் வணிகர் தொடர்பும்

ஈரோடு மாவட்டத்தில் அரை ஏக்கர் மஞ்சள் பயிரிடும் சிறு விவசாயி பத்துக் குவிண்டால் சரக்கோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குப் போகிறார். அவருக்கு வணிகரைத் தெரியாது; வணிகருக்கும் அவரைத் தெரியாது. விற்றதோடு உறவு முடிந்துவிடும். அடுத்த ஆண்டும் புதியவராகவே போய் நிற்க வேண்டும். இத்தகைய 20 பேர் குழுவாகச் சேர்ந்தால் கைவசம் 200 குவிண்டால், அதாவது இரண்டு லாரிச் சுமை சரக்கு இருக்கும். அந்த அளவுக்கு மசாலா ஆலைக்காரர் உட்கார்ந்து பேசுவார்.

தமிழக அரசு 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்களும், ஐந்து குழுக்களை இணைத்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் அமைக்கப்பட்டன. பண்ணைக் கருவிகள் வாங்க உற்பத்தியாளர் குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி அளிக்கப்பட்டது. பவர் டில்லர் பணத்துக்குக் கிடைக்கும். வணிகரின் நம்பிக்கையைக் குழுதான் சம்பாதிக்க வேண்டும்.

அதற்கு முதலில் வேண்டியது சீரான சரக்கு. விரலியையும் கிழங்கையும் பிரித்துத் தனித்தனியே வேகவைக்க வேண்டும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நன்கு காய்ந்த விரலியை ஒடித்தால் கணீரென்று ஓசை வரும். ஒருவருடைய அரைகுறையாகக் காய்ந்த நான்கு மூட்டைகள் கலந்துவிட்டால் மற்ற 19 பேரின் சரக்குக்கும் விலை இறங்கும். ஆகவே, ஊரிலிருந்து லாரி கிளம்புமுன் சரக்குக்குச் சொந்தக்காரர் அல்லாத இருவர் ஒவ்வொரு மூட்டையையும் பார்க்க வேண்டும். மூட்டையின் மேல் உறுப்பினர் எண்ணை எழுதிவிட்டால், குறை சொல்லப்படும்போது யாருடைய சரக்கு என்ற சண்டை வராது.

வணிகரிடம் பேச ஆண்டுதோறும் ஆளை மாற்றாமல், கணக்குத் தெரிந்த இருவரையே அனுப்புவது நல்லது. பேசி வந்ததை அன்றே குழுவின் பதிவேட்டில் எழுத வேண்டும்.

தகராறு வருவது பெரும்பாலும் விலை ஏறும்போதுதான். ஆலையோடு விலை பேசி முடித்தபின், வெளியார் ஒருவர் குவிண்டாலுக்கு 500 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால், சில உறுப்பினர்கள் சரக்கை அவரிடம் தள்ளிவிடுவார்கள். கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் லாரியை அனுப்பிவிட்டுப் பாதிச் சுமையோடு திரும்பப் பெற்ற ஆலைக்காரர் மறுபடி அந்த ஊருக்கு வரமாட்டார். இதைத் தவிர்க்க, விளைச்சல் முழுவதையும் தருவதாக வாக்குக் கொடுக்காமல் பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். விலையையும் முன்கூட்டியே நிர்ணயிக்காமல், சரக்கு ஏற்றும் நாளன்று ஈரோட்டு ஏல விலையை அடிப்படையாகக் கொள்வதே இருவருக்கும் நியாயம்.

வணிகரையும் சோதித்தறிய வேண்டும். முதல் தடவை சிறு அளவே அனுப்பி, பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு எத்தனை நாளில் வருகிறது என்று பார்க்கலாம். தனி உறுப்பினர் எவரும் வணிகரிடம் முன்பணம் வாங்கக் கூடாது. யார் பணத்தை இழுத்தடிப்பவர் என்பது பக்கத்து ஊர்க் குழுக்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்களோடு கூடிப் பேசினால் இத்தகைய செய்திகள் தாமாகவே வரும். பவானிசாகர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கோபிச்செட்டிப்பாளையம் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றோடும் தொடர்பு வைத்துக்கொண்டால், இரகம், நோய் பற்றிய ஐயங்களைக் குழுவாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மஞ்சள் அறுவடை தை மாதம் தொடங்கும். ஆலைக்காரரைத் தேடிப் போக அதுவரை காத்திராமல் கார்த்திகையிலேயே போய் வர வேண்டும். சென்ற ஆண்டுச் சரக்கில் ஒரு கிலோ மாதிரி, உறுப்பினர் வாரியாகப் பரப்பளவு, எதிர்பார்க்கும் மகசூல் ஆகியவை எழுதிய தாள் ஒன்று, குழுவின் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும்.