கறிவேப்பிலையும் டேனிஷ் பூப்படங்களும்

மார்கழி மாதத்தில் டென்மார்க்கில் மாலை நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடுகிறது. அந்த நீண்ட இரவுகளைக் கழிக்க இந்நாட்டவர் விரும்பும் பொழுதுபோக்குகளில் ஒன்று ‘புஸ்லஸ்பில்’ எனப்படும் துண்டுப்படப் புதிராகும். ஒரு படத்தை அட்டையில் ஒட்டி, 500 அல்லது 1,000 சிறு துண்டுகளாக வெட்டியிருப்பர். அவற்றை மேசையிலே கொட்டி மீண்டும் ஒன்றுசேர்ப்பதே விளையாட்டு. செடிகொடிகளில் பிரியமுள்ளோருக்கென மலரும் இலையும் வேரும் வரைந்த புதிர்களும் கடைகளில் உண்டு.

இவ்விளையாட்டு கல்வியின் பொருட்டே தோன்றியது. 1760களில் இலண்டன் நகரிலே யோன் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, எல்லைக் கோடுகள் வழியே அறுத்து, பிள்ளைகள் புவியியல் பயில்வதற்காக விற்றார்.

அதே காலத்தில் டென்மார்க்கிலும் ஒரு பெரும் படவேலை தொடங்கியது. ஐந்தாம் பிரெடெரிக் மன்னரின் ஆதரவுடன், மருத்துவரும் தாவரவியலாளருமான கேயோர்க் கிறிஸ்தியான் ஊடர், மன்னரின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் இயற்கையாக வளரும் தாவரங்களையெல்லாம் வரைவிக்க முனைந்தார். ‘ஃப்ளோரா டானிக்கா’ என்னும் அந்நூலின் முதற்பகுதி 1761 இல் வெளிவந்தது. இறுதிப்பகுதி 1883 இல் வெளிவந்தது. 122 ஆண்டுகளில் 3,240 செப்புத்தகட்டுப் படங்கள்! தொடங்கியவர்களுள் ஒருவரேனும் அதன் முடிவைக் காணவில்லை. 1790 முதல் அப்படங்கள் அரச பீங்கான் தொழிற்சாலையில் விருந்துத் தட்டுகளிலும் தீட்டப்பட்டன. ஒவ்வொரு தட்டின் பின்புறத்திலும் அதிலுள்ள செடியின் லத்தீன் பெயர் எழுதப்பட்டிருக்கும். அத்தட்டுகளிற் பெரும்பாலானவற்றை இன்றும் கொப்பன்ஹேகன் றோசன்போர்க் மாளிகையில் காணலாம்.

இவற்றுக்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தவர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, அது சமையலறையிலேயே இருக்கிறது.

ஃப்ளோரா டானிக்காவுக்குத் தாவரங்கள் சேகரிக்க ஐஸ்லாந்துக்குச் சென்றவர்களுள் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவரும் ஒருவர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸின் மாணாக்கர். ஐஸ்லாந்திற் காணப்படும் மிகச் சிறிய செடியொன்றுக்கு லின்னேயஸ் ‘கோனிகியா’ என்று இவர் பெயரையே இட்டார். 1768 இல் கோனிக், அன்று டேனியரிடம் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டிலும் பின்னர் இலங்கையிலும் செடிகளைத் தேடித் திரிந்து, ஐரோப்பிய அறிஞர்களுக்கு மாதிரிகளை அனுப்பினார். 1785 இல் ஆந்திரக் கரையிலே காலமானார்.

தமிழர் நாள்தோறும் தாளிதத்தில் இடும் கறிவேப்பிலையின் தாவரவியற் பெயரில் ‘கோனிகியை’ என்ற சொல் நிற்பது இவரின் நினைவாகவே. ஐஸ்லாந்தின் குளிர்நிலத்துச் சிறுசெடியும் யாழ்ப்பாணத்து வளவிலே நிற்கும் கறிவேப்பிலையும் ஒரே மனிதரின் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

இங்கு பிறந்த பிள்ளைகள் அநேகருக்கு வில்வம், அறுகு, நொச்சி, ஆடாதோடை என்பன வெறும் சொற்களே. அவர்களின் அம்மம்மாவுக்கோ இலையை நுள்ளி மணந்தாலே பெயர் வரும். ஆனால் அதன் டேனிஷ் பெயர் வராது. ஒரு புதிரின் பாதித் துண்டுகள் ஒருவரிடமும் மறுபாதி மற்றவரிடமும் இருப்பது போன்றதே இது. மூத்தவர்கள் மறையும்போது அவர்களிடமுள்ள துண்டுகளும் மறைந்துவிடும்.

இதற்குச் செலவு அதிகமில்லாத வழியொன்று உண்டு. ஒரு செடியின் படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, பின்புறத்திலே தமிழ்ப்பெயர், டேனிஷ் பெயர், லத்தீன் பெயர் மூன்றையும் எழுதி, அதன்பின் வெட்டினால் வீட்டிலேயே புதிர் தயாராகிவிடும். பேரப்பிள்ளைகளும் முதியவர்களும் ஒரே மேசையில் இருந்து அதனைப் பொருத்தலாம். சிறுவருக்கும் ஞாபகமறதி உள்ள முதியவருக்கும் இருபது, முப்பது பெரிய துண்டுகள் போதும். புதிர் மறதி நோயைக் குணப்படுத்தாது. ஆயினும் பழகிய இலையைக் கண்டு முதியவர் பேசத் தொடங்குவது சிறு நன்மையன்று. வெளிச்சம் நன்றாக இருத்தல் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தல் நன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்குச் சிறு துண்டுகள் எட்டக்கூடாது.

இலையை உற்றுநோக்கும் பழக்கம் உயிரையும் காக்கும். வசந்தகாலத்தில் இந்நாட்டுக் காடுகளிலே பலரும் பறித்து உண்ணும் உள்ளி மணமுள்ள ‘றாம்ஸ்லொய்’ இலையும், இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ள ‘லில்யகொன்வல்’ இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். றாம்ஸ்லொய் இலை ஒவ்வொன்றும் தனித்தனித் தண்டோடு நிலத்திலிருந்து எழும். மற்றதில் ஒரே தண்டிலிருந்து பெரும்பாலும் இரண்டு இலைகள் விரியும். மணத்தை மட்டும் நம்புவதும் தவறு. ஒரு றாம்ஸ்லொய் இலையைப் பறித்த கையில் எல்லா இலையும் உள்ளி மணக்கும். ஐயமிருப்பின் உண்ணாது விடுவதே அறிவுடைமை.

குளிர்காலம் நீண்டது, அட்டையும் கத்தரிக்கோலும் எல்லா வீட்டிலும் உண்டு. முதற்படமாகக் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.