வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டமும் சேரிப் பெற்றோரின் இருக்கையும்

திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் அறிவிப்புப் பலகையைப் படித்தால் அதில் பெரிதாக எதுவும் இருப்பதாகத் தோன்றாது. பருவத் தேர்வு தொடங்கும் நாள், விடுதலை நாள் கொடியேற்றம், ஆண்டு விழா ஒத்திகை, மாணவர் சேர்க்கைப் பேரணி, மருத்துவ முகாம் என்று செய்திகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடைபெறும் என ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இக்கட்டுரை பேசுகிறது.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் 2022இல் பெருமுயற்சியுடன் மறுகட்டமைக்கப்பட்டன. ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பரப்புரை அவ்வாண்டு மார்ச்சில் தொடங்கியது. 20 பேர் கொண்ட குழு, அதில் 15 பேர் பெற்றோர் என்பது அப்போதைய அமைப்பு. 2024இல் மீண்டும் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டு எண்ணிக்கை 24 ஆனது. குழுவின் காலம் இரண்டாண்டு. அந்தக் கணக்குப்படி 2026 மீண்டும் மறுகட்டமைப்பு ஆண்டு. ஆண்டு விழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் வரும் பெற்றோர் அனைவரும் இந்த ஒரு கூட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் பள்ளியில் யாருடைய சொல் எடுபடும் என்பது இங்கேதான் முடிவாகிறது.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவுதான் இக்குழுவின் அடித்தளம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற குழுவையும் பின்தங்கிய பிரிவையும் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப் பங்கு தர வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அதன் பணிகள். தாளில் இது வலிமையான அமைப்பு.

சிக்கல் ‘நலிவுற்ற குழு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. சட்டத்தின் 2ஆம் பிரிவு அச்சொல்லுக்குள் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டுமன்றிச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினரையும் சேர்க்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருமே இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார்கள். ஆகவே சட்டத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால், ஊரின் ஆதிக்கச் சாதிப் பெற்றோர் மட்டுமே நிறைந்த ஒரு குழுகூட ‘நலிவுற்றோருக்கு விகிதாசாரப் பங்கு’ அளித்த குழுவாகக் கணக்கில் நின்றுவிட முடியும். வகுப்பில் பாதிக் குழந்தைகள் சேரியிலிருந்து வந்தாலும் இது பொருந்தும். எனவே மறுகட்டமைப்பின்போது நாம் கேட்க வேண்டிய கணக்கு, ‘நலிவுற்றோர் எத்தனை பேர்’ என்பதன்று. மாணவர் பதிவேட்டில் பட்டியல் சாதிக் குழந்தைகள் எத்தனை பேர், குழுவில் அவர்களின் பெற்றோர் எத்தனை பேர் என்பதே அது.

பட்டியல் சாதி என்ற ஒரே தலைப்புக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. திருச்சி மாநகரின் தூய்மைப் பணியில் அருந்ததியர் குடும்பங்கள் தலைமுறைகளாக இருத்தப்பட்டிருக்கின்றன. 2009இல் அவர்களுக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அச்சட்டம் செல்லும் என 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தூய்மைப் பணியாளரின் குழந்தைகளைத் தமிழ்நாட்டு அரசே நலிவுற்றோரில் தனிச் சிறப்புப் பிரிவாக வைத்துள்ளது. இருந்தும் தலித் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி முடித்துக்கொள்ளும் கூட்டங்களில், அந்த ஒருவர் அருந்ததியராக இருப்பது அரிது என்பதே நம் கணிப்பு. இதை வெளியே சொல்லத் தயங்குவதில் நமக்குப் பயனில்லை.

திருச்சிக்கே உரிய இன்னொரு முடிச்சும் உண்டு. இங்கே தொடக்கக் கல்வியின் பெரும்பகுதி கிறித்தவ மறைப்பணி அமைப்புகள் நடத்திய பள்ளிகளிலிருந்து வளர்ந்தது. பொதுப் பள்ளிகள் கதவடைத்த காலத்தில் நம் முன்னோர் பலர் எழுத்தறிந்தது அவற்றில்தான். அந்த நன்றியை மறவாமலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் திருத்தம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு ஆலோசனை கூறும் குழு மட்டுமே என்று ஆக்கியது. 2014இல் பிரமாதி வழக்கின் தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டமே பொருந்தாது என்றது. ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது; பெற்றோரின் தீர்மானத்துக்கு அங்கே கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை. அப்பள்ளிகளில் படிக்கும் தலித் கிறித்தவக் குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. மதம் மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். பட்டியல் சாதிக் குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணும் எந்தக் கணக்கிலும் அவர்கள் காணாமற்போவார்கள். தீண்டாமை மட்டும் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.

இனி நேரத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது ஆசிரியருக்கு வசதியான நேரம். அலுவலகச் சுற்றறிக்கைக்கும் வசதியான நேரம். காந்தி சந்தையில் நள்ளிரவு முதல் மூட்டை இறக்கிய ஒருவர் அப்போதுதான் உறங்கிக்கொண்டிருப்பார். முத்தரசநல்லூர், சீயபுரம் பக்கம் வாழைத் தோட்டத்திலோ நடவு வயலிலோ நிற்கும் தாய் அரைநாள் கூலியை இழக்காமல் வர முடியாது. விடியலில் தெருக் கூட்டப் போன பெண் வீடு திரும்பி, சமைத்து, தண்ணீர் பிடிக்கும் வேளை அது. வராத பெற்றோரைப் பற்றி ‘அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. அக்கறையின் விலை அரைநாள் கூலி என்றால், அந்த விலையைக் கேட்பது யார் என்றும் பார்க்க வேண்டும். கூட்டத்தை மாலை ஆறரைக்கு வைக்கக் கோரி ஒரு மனு எழுதுவதுதான் மாணவர் அமைப்புகள் செய்யக்கூடிய முதல் வேலை என்று நாம் கருதுகிறோம். அதைவிடப் புரட்சிகரமான கோரிக்கைகள் பல உண்டு. இதைவிட உடனே பலன் தருவது குறைவு.

இடமும் நேரத்தைப் போன்றதே. திருவரங்கம் ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலைச் சுற்றி மட்டுமன்று, அதன் சுற்றுகளுக்கு உள்ளேயும் தெருக்களாக எழுந்த ஊர். இத்தகைய ஊர்களில் ஒரு கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அதற்குள் யார் நுழைவார் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது. சென்னை மாகாணத்தில் அக்கிரகாரங்களிலும் கோயில் வளாகங்களிலும் நடந்த பள்ளிகள் அந்த இடத்தையே காரணம் காட்டி ‘பஞ்சம’க் குழந்தைகளை மறுத்தன, அரசு மீண்டும் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் எல்லோருக்கும் உரியவை என்னும் கோரிக்கையை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் எழுப்பியதன் பின்னணி இதுவே. ஒரு பள்ளி நூற்றாண்டு விழா கொண்டாடும்போது, அந்த நூறு ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் நமக்குரியவை என்று சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

குழுவில் இருக்கை இருந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று நிகழ்வுகளை நினைவுகூரலாம். மூன்றும் தமிழ்நாட்டில் அண்மையில் நடந்தவை.

2022இன் இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை ஒன்றியத்தில், பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்தது வெளிவந்தது. ஒரு குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, தாய் விசாரித்தபோதுதான் அது தெரிந்தது. தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். கைது தேவையானதே. ஆனால் அதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிப்படி 30 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 100 வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாயும் தொகுப்பு மானியம் உண்டு. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைக்கு. இந்தப் பணத்தின் செலவைப் பார்ப்பது மேலாண்மைக் குழுவின் சட்டப்படியான பணி. கழிப்பறையை யார் கழுவுகிறார், அவருக்கு என்ன தரப்படுகிறது என்று மாதந்தோறும் கேட்கும் ஒரு தலித் தாய் அந்தக் கூட்டத்தில் இருந்தால், காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. (2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். புது தில்லியில் நிறுத்தப்படும் பணம் கடைசியில் ஒரு குழந்தையின் கையில் துடைப்பமாக வந்து சேரக் கூடாது.)

இரண்டாவது, நமக்கு அண்டை மாவட்டமான கரூரில் நடந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அடுத்த சில நாள்களிலேயே அரவக்குறிச்சிப் பகுதியின் வேலஞ்செட்டியூர் பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் சில பெற்றோர் தம் குழந்தைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என எச்சரித்தார். ஊரகப் பள்ளிகளில் சமையல் பொறுப்பு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத் தரப்படுகிறது. அதே பள்ளியில் தம் குழந்தை படிக்கும் பெண்களுக்கு முன்னுரிமை. அப்படியானால் சமைப்பவரும் ஒரு பெற்றோரே. குழுவில் உறுப்பினராகும் தகுதி அவருக்கும் உண்டு. தட்டை மறுத்தவர் குழுவில் அமர்ந்திருக்க, சமைத்தவர் அடுப்படியில் நிற்கும் கூட்டமாக அது இருக்கக் கூடாது.

மூன்றாவது கொடியேற்றம். 2022 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் அரசுப் பள்ளியில் கொடியேற்ற முடியாத நிலை செய்தியானது. விழா அழைப்பிதழில் யார் பெயர், மேடையில் யாருக்கு நாற்காலி என்பவை சிறு செய்திகள் அல்ல. குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் ஊரைக் கற்கிறார்கள்.

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களால் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும், எல்லாப் பள்ளிகளையும் ஒரே துறையின்கீழ்க் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. ஆதிதிராவிடர் நலத் துறை நடத்தும் 1,138 பள்ளிகளில் 833 தொடக்கப் பள்ளிகள். இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023 வரவு-செலவுத் திட்டத்திலேயே வந்தது. தலித் அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. பெயர் மாறுவதை நாம் வரவேற்கிறோம். விடுதிகள் 2025இல் ‘சமூகநீதி விடுதிகள்’ ஆனதும் நல்லதே. ஆனால் இணைப்பு நடந்தால் நிலமும் கட்டடமும் பணியிடங்களும் யார் கண்காணிப்பில் இருக்கும் என்ற எதிர்ப்பாளரின் கேள்வி நியாயமானது. இன்று அப்பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் பெரும்பான்மையினர். பெரிய பள்ளியோடு இணைந்தால் அங்கே சிறுபான்மையினர் ஆவார்கள். இதற்கு விடை சொல்லாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

தேர்ந்தெடுக்கும் முறையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பொதுவாகப் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகவே உறுப்பினர்கள் தேர்வாகிறார்கள். யாருடைய வயலில் நாளை வேலையோ, அவருடைய குடும்பத்துக்கு எதிராக இன்று கை உயர்த்துவது எளிதன்று. ‘ஒருமனதாக’ என்று பதிவேட்டில் எழுதப்படும் சொல்லுக்குப் பின்னே எத்தனை மௌனங்கள் என்பது கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதனால் சேரிப் பெற்றோர் கூட்டத்துக்கு முன்பே கூடி, தம் வேட்பாளர்களை முடிவு செய்துகொண்டு சேர்ந்தே செல்வது நலம். கல்லூரி மாணவர்கள் தாம் படித்த தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவராகத் திரும்பிச் செல்ல 2024 மறுகட்டமைப்பு வழி திறந்துவிட்டிருக்கிறது; அதை நம்மில் பலர் இன்னும் பயன்படுத்தவில்லை.

ஊருக்கும் நகருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களின் பள்ளியில் தீர்மானம் நடைமுறைக்கு வராவிட்டால் அதைக் கிராம சபைக்கு எடுத்துச் செல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் அதற்கு உண்டு. 2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதால் அவ்வழியும் குறுகியது. 65 வார்டுகள் கொண்ட திருச்சி மாநகராட்சியில் கிராம சபை இல்லை; 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பகுதி சபையும் வார்டு உறுப்பினருமே வழி. அதனால் நகர்ப்புறப் பெற்றோருக்கு எழுத்து வடிவிலான தீர்மானம் இன்னும் முதன்மையானது.

கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பதிவேடு கையொப்பத்துக்கு வரும். பேசியது அனைத்தும் எழுதப்பட்டுள்ளதா என்று படித்துப் பார்க்கவும், படிக்க இயலாதவர் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு கையொப்பமிடலாம்.