பூலாம்பட்டி: அக்கரையில் அம்மா வீடு

நான் வாக்கப்பட்ட ஊர் எடப்பாடி. அம்மா வீடு நெரிஞ்சிப்பேட்டை. நடுவில் காவிரி. இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை ஈரோடு மாவட்டம். பூலாம்பட்டி படகுத்துறை எங்களுக்கு பஸ் ஸ்டாப் மாதிரிதான். சினிமாக்காரர்கள் வந்து படம்பிடிக்க, ‘குட்டி கேரளா’ என்று பேர் பரவி, இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் வண்டி நிறுத்த இடமில்லை.

விசைப்படகில் முதலில் பைக்குகளை ஏற்றுவார்கள். அப்புறம் ஆட்கள், கைப்பை, கூடை, வாழைத்தார். ஒரே பக்கம் கூட்டம் சேர்ந்தால், “ரெண்டு பேர் அந்தப் பக்கம் வாங்கண்ணா” என்று படகுக்காரர் குரல் கொடுப்பார். செல்ஃபி எடுப்பவர்கள் இதை முதல் தடவையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏரிபோல் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் கதவணை. 1934-இல் கட்டிமுடித்த மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றும் ஆற்றை மறித்து, விழும் கொஞ்ச உயரத்திலேயே 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திறனுள்ளது. அதே தண்ணீர் அடுத்த கதவணைக்குப் போய் மறுபடியும் வேலை செய்கிறது. டெல்டாவுக்கு ஜனவரி 28-இல் தண்ணீரை நிறுத்தும் வழக்கம் உண்டு. அதற்குப் பிறகும் இங்கே படகு ஓடுவது இந்தத் தேக்கத்தால்தான்.

அமைதியாகத் தெரிகிறதே என்று தயவுசெய்து ஆழத்தில் இறங்காதீர்கள். கரையை விட்டு நாலு எட்டு வைத்தால் ஆழம் எப்படியிருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. மேட்டூரில் உபரிநீர் திறந்தால் ஆற்றின் முகமே மாறிவிடும். 2024 ஜூலை கடைசியில் அணை 120 அடி நிரம்பியபோது படகை நிறுத்திவிட்டார்கள். அப்போது அம்மாவோடு போனில் பேசியதோடு சரி.

மீன் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. மசாலா தடவி அடுக்கியதைப் பார்த்து மயங்காமல், “இன்னைக்குப் பிடிச்சது எது?” என்று கேளுங்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பாக இருந்தால் வாங்கலாம். கட்லாவைவிட ஜிலேபி வறுவலுக்குத்தான் என் ஓட்டு. சாப்பிட்ட தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் ஆற்றில் போடாதீர்கள். கரையோர ஊர்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

வேலைநாளில் காலையிலேயே வாருங்கள். பாலமலை தெளிவாகத் தெரியும், படகிலும் உட்கார இடம் கிடைக்கும். வருகிறவர்களில் பலர் அக்கரையில் இறங்காமலே அதே படகில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இறங்கி நெரிஞ்சிப்பேட்டைத் தெருக்களில் கொஞ்ச நேரம் நடங்கள், ஒரு டீ குடியுங்கள், அடுத்த படகில் வரலாம்.