காய்ச்சல் இல்லைன்னா இன்ஃபெக்‌ஷன் இல்லையா? பெற்றோர் விஷயத்தில் லட்சங்களை விழுங்கும் தவறு

"அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை, சம்பந்தமில்லாம பேசுறாரு. காய்ச்சல் எல்லாம் இல்லை, வயசாச்சுல்ல..." ஊரிலிருந்து அம்மா இப்படிச் சொன்னால், "ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க"ன்னு போனை வெச்சிடாதீங்க. சில ஆயிரத்தில் முடிய வேண்டியது ஐசியூ பில்லாக மாறுவது இங்கேதான்.

வயதானால் நோய் எதிர்ப்புச் சக்தி மந்தமாகும். நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் காய்ச்சல் வராமலே போகலாம். அவர்களுக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே காய்ச்சல்தான். வழக்கமான அளவைவிட 2 டிகிரி கூடினாலும் அப்படியே எடுத்துக்கணும்.

எதைக் கவனிக்கணும்?

1. ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பம். மறதி நோய் மாதக்கணக்கில் மெதுவாக வரும், இது அப்படியல்ல.
2. காரணமில்லாமல் கீழே விழுவது, எழுந்திருக்க முடியாத சோர்வு.
3. சாப்பாடு, தண்ணீர் குறைவது, எந்நேரமும் தூக்கம்.
4. நிமிடத்துக்கு 25 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது.

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துட்டுப் போகாதீங்க. பிறகு எடுக்கும் கல்ச்சர் டெஸ்டில் கிருமி சிக்காமல் போகலாம். இன்னொன்று, சிறுநீரில் கிருமி தெரிந்தாலே தொற்று என்று அர்த்தமில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பல முதியவர்களுக்கும் அது இருக்கும். அறிகுறியோடு சேர்த்து டாக்டர்தான் முடிவு செய்யணும்.

இப்போ பணத்துக்கு வருவோம்

- அட்மிட் ஆனால், அதே நோய்க்காக முன்பு எடுத்த டெஸ்ட் பில்களையும் பல பாலிசிகளில் க்ளெய்ம் செய்யலாம். எத்தனை நாள் வரை என்று உங்கள் பாலிசியில் பாருங்க. ஒரு பில்லையும் தூக்கிப் போடாதீங்க.
- 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு இன்சூரன்ஸ் இல்லையா? அவர்களுக்காக நீங்கள் செய்யும் மருத்துவச் செலவுக்கு, பழைய வரி முறையில் 80டி பிரிவின்கீழ் ஆண்டுக்கு ₹50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. யுபிஐ, கார்டு ஓகே.
- 70 வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆயுஷ்மான் அட்டை உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை கவர்.

இந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு வேலை: பெற்றோர் நல்லா இருக்கும்போதே வெப்பநிலை, பிபி, ஆக்சிஜன் அளவைக் குறிச்சு ஃபேமிலி குரூப்பில் போட்டு வையுங்க. வழக்கம் எதுன்னு தெரிஞ்சால்தான் மாற்றம் கண்ணில் படும். 80டி விவரங்களை அடுத்த வீடியோவில் பார்ப்போம்!