நஞ்சுக்கொடி நலியும்போது

நம் பக்கத்து ஊர்களில் பசு கன்று ஈன்றால், இளங்கொடி விழும்வரை வீட்டார் தொழுவத்தை விட்டு நகரமாட்டார்கள். விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி, ஆலமரக் கிளையில் கட்டிவிட்டு வருவார்கள். மாட்டுக்கு இருக்கும் இந்த மரியாதை மனிதருக்கு இல்லை. நமக்கு அது வெறும் 'நஞ்சு'. விழுந்துவிட்டதா என்று கேட்பதோடு சரி.

பிரசவ அறையில் பயிற்சிக்கு நின்ற முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வாளியில் போடப்போன ஒன்றை எங்கள் ஆசிரியை தடுத்தார். தட்டில் வைத்து, ரொட்டி அரிவதுபோல் வில்லை வில்லையாக அரிந்து காட்டினார். எட்டாம் மாதத்திலேயே பிரசவித்த ஒரு பெண்ணினுடையது அது. கையகலம்தான் இருந்தது. நடுவே நாலைந்து இடங்களில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டுகள். "இந்தக் குழந்தை ஏன் இளைத்துப் பிறந்தது என்று இது சொல்கிறது, பார்" என்றார்.

முதலில் நலமான நஞ்சுக்கொடியைப் பார்ப்போம். நிறைமாதத்தில் அது ஏறக்குறைய அரைக் கிலோ எடையும், 20 முதல் 22 செ.மீ. குறுக்களவும் உள்ள மெத்தென்ற வட்டத் தகடு. அதற்குள் மரம் கிளைப்பதுபோல் கிளைத்த நுண்விரல்கள் ஆயிரமாயிரம். அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்து அளந்தால் சுமார் 12 சதுர மீட்டர் வரும். (நம்மில் பலருடைய விடுதி அறைகூட அவ்வளவு பெரிதில்லை!) விரல்களுக்குள்ளே ஓடுவது சேயின் இரத்தம், வெளியே அவற்றை நனைத்துச் செல்வது தாயின் இரத்தம். இரண்டும் கலப்பதில்லை. பிராணவாயுவும் உணவும் இடையிலுள்ள மெல்லிய சுவரைக் கடந்து செல்கின்றன.

தாயின் இரத்தத்தைக் கொண்டுவருபவை கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகள். கருவுற்ற முதல் மாதங்களில் ஓர் அதிசயம் நடைபெறுகிறது. நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் அத்தமனிகளுக்குள் புகுந்து, சுவரிலுள்ள தசையை நீக்கி, வாய்களைப் புனல்போல் அகலமாக்கிவிடுகின்றன. தசை போய்விட்டதால் பிறகு அவை சுருங்கமாட்டா. ஆகவேதான் நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாக இரத்தம் தங்குதடையின்றி வந்து பரவுகிறது. பிரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகிய மூவர் இதை 1967-இல் விளக்கினார்கள். இரத்த அழுத்தம் ஏறிச் சூல்வலிப்புக்கு இட்டுச்செல்லும் நோயில் இம்மாறுதல் சரிவர நிகழ்வதில்லை என்று 1972-இல் காட்டியவர்களும் அவர்களே.

அஃதாவது, நோய் தலைகாட்டுவது கடைசி மாதங்களில். வித்து விழுவதோ முதல் மாதங்களில்.

அகலாத தமனியிலிருந்து இரத்தம், குழாயின் வாயை விரலால் அழுத்தினாற்போல், சில வேளை பீறிட்டும் சில வேளை நின்றும் வருகிறது. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கிய உயிரணுக்கள் சேர்ந்து வழியை மேலும் குறுக்குகின்றன. ஒரு தமனி அடியோடு அடைபட்டால், அது ஊட்டிவந்த பகுதி மாள்கிறது. புதிதில் அத்திட்டு கருஞ்சிவப்பு. நாளாக ஆக மஞ்சளித்து, பின் வெளுத்துவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு சிறு திட்டுகள் நலமான நஞ்சுக்கொடியிலும் உண்டு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நடுவில் பலவாக இருந்தால்தான் ஆபத்து.

நுண்பெருக்கியில் பார்த்தால் இன்னும் தெளிவு. மாண்ட இடத்தில் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, இடைவெளி மறைந்துவிடுகிறது. மாளாத இடத்திலும் விரல்கள் மெலிந்து, மேலுறையின் உட்கருக்கள் ஆங்காங்கே முடிச்சுமுடிச்சாகத் திரண்டிருக்கும். டென்னியும் பார்க்கரும் 1940-இல் விவரித்த மாறுதல் இது. நிறைமாதத்தில் இம்முடிச்சுகள் இயல்பாகவே மிகும். ஆனால் முப்பதாவது வாரத்திலேயே மிகுந்திருந்தால், நஞ்சுக்கொடி காலத்துக்கு முன்னே மூத்துவிட்டது என்று கொள்ளலாம்.

சரி, கேடு நஞ்சுக்கொடியில். தாய்க்கு ஏன் வலிப்பு வருகிறது? நெடுங்காலம் விடை கிடைக்காத கேள்வி. நலிந்த நஞ்சுக்கொடி ஒருவகைப் புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது என்பது 2003-இல் வெளியாயிற்று. இரத்தக் குழாய்களின் உள்ளுறையைக் காக்கும் வளர்ச்சிப் பொருள்களை அது பற்றி முடக்கிவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகுகிறது. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டுகிறது. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று தொடர்கிறது. சில சமயம் நஞ்சுக்கொடிக்குப் பின்னால் இரத்தம் கசிந்து தேங்கி, பிரசவத்துக்கு முன்பே அதைச் சுவரிலிருந்து பெயர்த்துவிடும். அப்போது தாய் சேய் இருவர் உயிருக்கும் நாழிகைக் கணக்குத்தான்.

நீரிழிவுள்ள தாயிடம் கதை வேறு: நஞ்சுக்கொடி பெருத்திருக்கும், விரல்கள் முதிராமல் இருக்கும். அதைத் தனியே எழுத வேண்டும்.

நான் கண்ட அந்தப் பெண்ணுக்குப் பாதம் வீங்கி மூன்று வாரமாம். ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று கேட்டதற்கு, "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வழக்கம்தானே" என்றார் மாமியார். மொழிதான் இந்தி, சொன்னது நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதேதான். அந்த வீக்கம் பெரும்பாலும் தீங்கற்றது என்பதும் உண்மை. தீங்குள்ளதைப் பிரித்தறியக் கையில் கட்டும் அழுத்தமானியும், ஒரு குப்பி சிறுநீரும் போதும். அந்த மூன்று வாரமும் அவை அவளுக்குக் கிட்டவில்லை.

அவளுக்கு மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். இம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2002-இல் காட்டிற்று. ஆயினும் நோய் தணிய வேண்டுமானால் நஞ்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும். வந்தது, அவளும் தேறினாள். குழந்தை சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, பிறகு வீடு சென்றது.

புறப்படும் நாளில் ஆசிரியை அவள் சீட்டில், அடுத்த கருவின் பன்னிரண்டாம் வாரத்திலேயே வரவேண்டும், பதினாறாம் வாரத்துக்கு முன் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும் என்று எழுதினார். பிறகு மாமியாரை அருகே அழைத்து, அதையே இந்தியில் இருமுறை படித்துக் காட்டினார்.