உப்புக் கரித்த ஆறு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. ஆனால் அதே உப்பு, சேரக்கூடாத இடத்தில் அளவை மீறிச் சேர்ந்தால் என்ன ஆகும்? பயிர் கருகும், விளைநிலம் பாழாகும், நட்பாக வாழும் இரு நாடுகளுக்கிடையே மனக்கசப்பும் மூளும். இது கற்பனையன்று. அமெரிக்காவில் ஓடும் கொலராடோ ஆற்றின் வரலாறு இது.

ராக்கி மலைப் பனி உருகிப் பிறக்கும் இவ்வாறு, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. அமெரிக்காவின் ஏழு மாநிலங்களுக்கு நீர் வழங்கிவிட்டு மெக்ஸிகோ நாட்டுக்குள் நுழைகிறது. சுமார் 4 கோடி மக்களும் 55 லட்சம் ஏக்கர் நிலமும் இதை நம்பியிருக்கின்றன. மலையில் பிறக்கும்போது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் உப்புதான் இருக்கிறது. அதே நீர் மெக்ஸிகோ எல்லைக்கு அருகிலுள்ள இம்பீரியல் அணையை அடையும்போது, 1972-இல் அந்த அளவு 879 மில்லிகிராமாக உயர்ந்திருந்தது. கடல்நீர் கலக்காத இடத்தில் இவ்வளவு உப்பு எப்படி வந்தது?

உப்பு வந்த வழி

பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பகுதியின் மீது கடல் பரந்திருந்தது. கடலடிச் சேறு இறுகிக் களிப்பாறையாயிற்று. கடல் போய்விட்டது, உப்போ பாறைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆற்றில் சேரும் உப்பில் ஏறத்தாழப் பாதி, ஊற்றுகளாலும் மண்ணரிப்பாலும் இயற்கையாகவே வருவது. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானது பாசனத்தால் வருவது.

பாசனம் எப்படி உப்பைக் கொண்டுவரும்? நம் வீட்டுக் காப்பி பில்டரை நினைத்துக்கொள்வோம். மேலே ஊற்றும் வெந்நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. தூளின் ஊடே இறங்கியபின் அது கறுத்த டிகாஷனாகக் கீழே சொட்டுகிறது. கொலராடோ மாநிலத்திலுள்ள கிராண்ட் பள்ளத்தாக்கில் நடந்ததும் இதுவே. அங்கே மண்ணால் வெட்டிய கால்வாய்களில் நீர் இரவு பகலாகக் கசிந்தது. உழவர்கள் வயலின் கடைசிச் சால் வரை நீர் எட்டவேண்டுமென்று, பயிர் குடிப்பதற்கும் மேலாகவே பாய்ச்சினார்கள். மிஞ்சிய நீர் களிப்பாறைக்குள் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு மீண்டும் ஆற்றை அடைந்தது. இந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் டன் உப்பு ஆற்றில் சேர்ந்ததாகக் கணக்கிட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பூந்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். செடியின் வேர் நீரைத்தான் உறிஞ்சுகிறது. நீரிலிருந்த உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. வெயிலும் நீரை மட்டுமே ஆவியாக்குகிறது. ஆகவே பயிருக்குப் பாய்ந்து மீண்டும் ஆற்றுக்கு வரும் நீர் அளவில் குறைந்தும் உப்பில் மிகுந்தும் இருக்கும்.

கடைமடையின் கண்ணீர்

1944-இல் செய்த ஒப்பந்தப்படி அமெரிக்கா ஆண்டுதோறும் மெக்ஸிகோவுக்கு உரிய நீரைக் கொடுத்துவந்தது. எவ்வளவு நீர் என்பதை எழுதியவர்கள், எப்படிப்பட்ட நீர் என்பதைத் தெளிவாக எழுதவில்லை. 1961-இல் அரிசோனா மாநிலத்தின் வெல்டன்-மொஹாக் பகுதி வயல்களின் அடியில் தேங்கிய உப்புநீரை இறைத்து ஆற்றில் விடத் தொடங்கினார்கள். அதனால் மெக்ஸிகோவுக்குப் போன நீரில் உப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. மெக்ஸிகாலி பள்ளத்தாக்கின் உழவர்கள் தங்கள் பயிர் வாடுவதைக் கண்டு கொதித்தெழுந்தார்கள். நீர் குறையவில்லை, ஆனால் வந்த நீர் பயிருக்கு உதவவில்லை.

1973-இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. மெக்ஸிகோவுக்குக் கொடுக்கும் நீரின் உப்பு, இம்பீரியல் அணை நீரின் உப்பைவிட எவ்வளவு கூடலாம் என்பதற்கு வரம்பு கட்டினார்கள். 1974-இல் கொலராடோ ஆற்றின் உப்பைக் கட்டுப்படுத்த அமெரிக்கா தனிச் சட்டமே இயற்றியது.

இயந்திரமும் மண்வெட்டியும்

உப்பைக் குறைக்க இரு வழிகள் இருந்தன. சேர்ந்த உப்பை இயந்திரத்தால் பிரித்தெடுப்பது ஒன்று. இதற்காக யூமா நகரில் பெரும் பொருட்செலவில் ஆலை கட்டி 1992-இல் முடித்தார்கள். அது ஓராண்டுகூடத் தொடர்ந்து ஓடவில்லை. இடைக்காலத்தில் உப்பு வடிகால் நீரை ஆற்றில் விடாமல் தனிக் கால்வாய் வழியே மெக்ஸிகோவின் பாலைவனப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே சதுப்பு நிலம் விரிந்து பறவைகளின் புகலிடமாயிற்று.

மற்றொன்று, உப்பு ஆற்றில் சேராமலே தடுப்பது. மண் கால்வாய்களுக்குச் சிமெண்டுத் தளம் இட்டார்கள். சிறு வாய்க்கால்களுக்குப் பதிலாகக் குழாய் பதித்தார்கள். வயலை மட்டமாகச் சமன் செய்தார்கள். தெளிப்பு நீர், சொட்டு நீர்ப் பாசனங்கள் வந்தன. உழவர் செய்யும் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. பாறைக்குள் இறங்கும் நீர் குறைந்தது; கரையும் உப்பும் குறைந்தது. பாசனச் சீர்திருத்தமும் மற்ற பணிகளும் சேர்ந்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேலான உப்பு ஆற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது.

இதிலும் ஓர் இழப்பு உண்டு. கால்வாய்க் கசிவை நம்பி வளர்ந்த மரங்களும் புதர்களும் நீரின்றி வாடின; அவற்றில் வாழ்ந்த பறவைகளும் இடமிழந்தன. ஆகவே அதற்கு ஈடாக வேறோரிடத்தில் வாழிடம் அமைப்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

நாம் கற்பது

கிராண்ட் பள்ளத்தாக்கின் உழவர் தீயவர் அல்லர். தம் பயிரைக் காக்கவே நீர் பாய்ச்சினார். மிஞ்சிய நீர் மண்ணுக்குள் மறைந்ததைக் கண்டார்; அது எங்கே போய் யாருடைய வயலைக் கெடுத்தது என்பதைக் காணவில்லை. மெக்ஸிகாலி உழவரை அவர் தம் வாழ்நாளில் சந்தித்திருக்கவும் மாட்டார். ஆயினும் ஒரே ஆறு அவ்விருவரையும் பிணைத்திருந்தது.

நாம் மிகுதியாகச் செலவழிக்கும் எதுவும் நம் கண்ணுக்கு மறைந்தவுடன் அழிந்துபோவதில்லை. அது எங்கோ ஓரிடத்தில் இன்னொருவரின் வாசலை அடைகிறது. ஒரு குடம் நீரைக் கொட்டுமுன், நமக்குக் கடைமடையில் இருப்பவர் யார் என்று ஒரு நொடி நினைத்துப் பார்ப்போமாக.