ஆறு மணி விருந்தாளி

காலை மணி ஆறு. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் மரத்தடி இருட்டு இன்னும் விலகவில்லை. பறவை பார்க்கக் கிளம்பிய கோஷ்டியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் கொட்டாவி விடுகிறார். திடீரென்று புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீட்டி!

"யாரோ விஸில் அடிக்கிறான், ஸார்!"

"ஆள் இல்லை, தம்பி. ஆறுமணிக் குருவி!"

பச்சை முதுகு, நீலத் தீற்று, வாலடியில் சிவப்பு. வர்ணப் பெட்டியே கவிழ்ந்த மாதிரி ஒரு பறவை! விடியும்போதும் அந்தி சாயும்போதும் கூவுவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும், கோடையில் திரும்பிவிடும்.

"வாரா வாரம் அதே பாதையில் நடந்து என்ன பலன்?" என்கிறீர்களா? கேளுங்கள். 1937-ல் கல்லூரி இங்கே குடியேறியபோது, ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரங்களை நட்டார்; இருந்த புதர்க்காட்டையும் காத்தார். அந்தப் புதரடிச் சருகைப் புரட்டித்தான் குருவி புழு பூச்சி தேடுகிறது. சருகைக் கூட்டி அள்ளிச் 'சுத்தம்' செய்வது, சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து இலையை எடுப்பது போலத்தான்!

ஒரு நாள் வந்து போகிறவருக்கு இது புலப்படாது. தேதி போட்டு எழுதி வருகிறவருக்குத்தான், "இந்த வருஷம் விருந்தாளியை ஏன் காணோம்?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் புதரைக் காப்பாற்றும்.

உங்கள் ஊர்க் கல்லூரியிலும் அனுமதி பெற்று ஆரம்பியுங்களேன்! ஒரு நோட்டுப் புத்தகம், நாலு சிநேகிதர்கள் போதும். பேச்சு மட்டும் கொஞ்சம் குறையட்டும்!